ஹானுஸ் நுழையாத வீடு

கொட்டகையில் தொங்கிய இறைச்சிக்கு அந்த ஆண்டு மணம் ஏறவே இல்லை என்று ஹானுஸ் சொன்னார். மார்ச் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, காலை எட்டரை மணி இருக்கும். தென்மேற்குக் காற்று மழையைக் கீழே விழவிடாமல் குறுக்காக ஓட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் தீவுகளின் தலைநகரான டோர்ஸ்ஹவ்னில் எங்கள் தெரு துறைமுகத்துக்கு மேலே, ஏற்றத்தில் இருக்கிறது. வீடுகள் நெருக்கமானவை. கறுப்புத் தார் பூசிய பலகைச் சுவர்களுக்கு நடுவில் ஒரு சிறு வண்டி போகும் அளவுக்கே இடம் உண்டு. அந்த நெருக்கத்துக்குள்தான் ஹானுஸின் கொட்டகையும் நின்றது. அதற்குச் சுவர் என்று ஒன்று இல்லை. விரலளவு இடைவெளி விட்டு நிறுத்திய பலகைகள் மட்டுமே. கடற்காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறும். அக்டோபரில் அறுத்த ஆடுகளின் தொடைகள், உப்பும் புகையும் இல்லாமல், அந்தக் காற்று ஒன்றினாலேயே பதப்படும். ஈஸ்டர் நெருங்கும்போது மணம் தெருமுனைவரை வரும். வெளியூரார் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு வாயூறும்.

ஆடுகளில் பாதி ஹானுஸுக்கும் பாதி அவருடைய மனைவியின் தம்பி ஹக்னிக்கும் சொந்தம். ஆகவே இறைச்சி பழுதானால் அது இரண்டு குடும்பங்களின் பழுது. அன்று காலை இருவரும் கொட்டகைக்குள் ஒரு தொடையை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லா மோந்து பாரு ஹக்னி."

"மோந்தாச்சு மச்சான். நல்லாத்தானே இருக்கு."

"எங்க நல்லாயிருக்கு? வெறகுக் கட்டைய மோந்த மாதிரி இருக்கு."

"எனக்குக் கண்ணுல தண்ணியே வருது. இதுக்கு மேல என்ன மணம் வேணும் உனக்கு?"

"போன வருஷம் நாலு பலக சேத்து அடிச்ச பாரு, அன்னிக்கே நெனச்சேன். உள்ள காத்து செத்துப்போச்சு."

"நாலு இல்ல, ரெண்டு. அதுவும் நீ சொல்லித்தான் அடிச்சேன். எலி வருதுன்னு சொன்னது யாரு?"

"எலி வந்திருந்தா ஒரு தொட போயிருக்கும். இப்ப பதினாறும் போச்சே! பேரப்பிள்ளைக்குப் பேரு வைக்கிற அன்னிக்கு மேசைல எத வைக்கிறது? ஒன் பலகையவா?"

"மொதல்ல பிள்ள பொறக்கட்டும். பொறக்காத பிள்ளைக்கு இப்பவே எறச்சி வெட்டுற ஆளு ஊர்ல நீ ஒருத்தன்தான்."

இப்படி ஏறக்குறைய கால்மணி நேரம், ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் படும் தூரத்தில் நின்று பேசினார்கள். பிறகு ஹக்னி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். ஹானுஸ் அன்று முழுவதும் மனக்குறையோடு இருந்தார்.

அவருடைய வருத்தத்துக்கு நியாயம் உண்டு. மகள் மாரியுன் அன்று மாலை வருவதாக இருந்தது. அவள் தெற்குத் தீவில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிள்ளை, பத்து நாளில் பேறு. இரத்த அழுத்தம் சற்று ஏறியிருப்பதால் தலைநகர் மருத்துவமனைக்குக் கால்மணி தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கணவன் மீன்பிடிக் கப்பலில் வட கடலில் இருந்தான். மூன்று வாரம் கழித்துத்தான் கரை காண்பான். ஆகையால் அவள் பெற்றோர் வீட்டில் தங்கிப் பிள்ளை பெறுவது என்று முடிவாகியிருந்தது. ஹானுஸ் தச்சுவேலைக்காரர். மாடி அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு நிறம் அடித்து, தொட்டில் ஒன்றும் செய்து வைத்திருந்தார்.

அந்த மாதம் புதிய தொற்றுநோயால் எங்கள் ஊரில் எல்லாம் நின்றுபோயிருந்தன. பள்ளிகள் மூடின. தச்சுவேலை நின்றது. வயதானவர்கள் வீட்டைவிட்டு வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். படகு வைத்திருந்தவர்கள் தங்களுக்குள் பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். கடல் அடங்கிய நாட்களில் மீன் பிடித்து, சுத்தம் செய்து, பையில் போட்டு, வெளியே வரமுடியாதவர்களின் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வருவது. யாரும் கேட்காமல், யாரும் ஆணையிடாமல் நடந்த ஏற்பாடு அது. ஹானுஸ் தம்முடைய சிறு படகில் நாள்தோறும் போனார். விடியற்காலையில் அவர் படகுத்துறைக் கல்லில் அமர்ந்து மீன் அரிவதை நாங்கள் பார்ப்போம். கத்தி ஒரே இழுப்பில் செவுளிலிருந்து வால்வரை போகும். குடல் கடற்பறவைகளுக்கு, ஈரல் தனிக் கிண்ணத்துக்கு.

அவருடைய மனைவி சோல்ருன் மீன் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். பத்தொன்பது ஆண்டுகளாகப் பண்ணைச் சால்மன் மீன்களுக்கு நோய்க்கிருமி உண்டா என்று சோதித்தவர். கிருமி மனிதருக்கு வந்தபோது, மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லாமல் போயிற்று. மீனுக்கு வைத்திருந்த கருவியிலேயே மனிதத் தொண்டைச் சளியும் சோதிக்கப்பட்டது. முதல் வாரம் தெருவில் அவரைக் கண்டவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள்.

"சோல்ருன், எனக்குச் செதில் மொளைக்குதான்னும் சேத்துப் பாத்துச் சொல்லு."

"மீனே மேல். வாயத் தொறன்னு கெஞ்ச வேண்டாம்" என்பார் அவர்.

அந்த வியாழக்கிழமை அவருடைய முறை முடிந்து வீடு வந்தபோது மணி மூன்றே முக்கால். மாரியுன் ஏறிய கப்பல் தெற்குத் தீவிலிருந்து மூன்றரைக்கே புறப்பட்டுவிட்டது. ஐந்தரைக்கு டோர்ஸ்ஹவ்ன் வரும்.

வாசற்படலைத் திறக்கும்போதே சோல்ருன் மூச்சை இழுத்துவிட்டுச் சிரித்தார்.

"ஆகா! இந்த வருஷம் என்ன ஒரு மணம் ஹானுஸ்! கீழ்த்தெருவுக்கே வருது."

முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஹானுஸ் நிமிர்ந்தார். "நீயும் ஒன் தம்பியும் பேசி வச்சுக்கிட்டீங்களா? ஒரு மணமும் இல்ல. பதினாறு தொடையும் வீண்."

சோல்ருன் படலைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். அன்று நண்பகல் உணவின்போது, பிற நாட்டு மருத்துவர்கள் சொல்லத் தொடங்கியிருந்த புதிய அறிகுறி ஒன்றைப் பற்றித்தான் ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அங்கயே நில்லு" என்றார்.

"ஏன்?"

"நில்லுன்னா நில்லு."

அவர் சமையலறைக்குள் போய் ஒரு தட்டோடு திரும்பினார். காப்பித்தூள் டப்பா, மீனெண்ணெய்ப் புட்டி, விளக்கு மண்ணெண்ணெய், ஆட்டுப் பேன் மருந்து. முற்றத்துக் கற்சுவர்மேல் தட்டை வைத்துவிட்டு ஆறேழு அடி பின்வாங்கினார்.

"ஒண்ணொண்ணா மோந்து பாரு."

ஹானுஸ் காப்பித்தூளில் மூக்கை நுழைத்தார். மீனெண்ணெயை முகர்ந்தார். பேன் மருந்தை முகர்ந்தபோது அவருடைய முகம் மாறியது. அந்த மருந்து முகர்ந்த ஆட்டையே மயங்கவைப்பது.

"தண்ணி ஊத்தி வச்சிருக்கியா இதுல?"

"இல்ல."

"ஒண்ணுமே இல்லையே, சோல்ருன்."

"எத்தன நாளா?"

"தெரியல. ரெண்டு நாளா ஒடம்பு அசதிதான். துடுப்புப் போட்டதுன்னு நெனச்சேன்."

 பிறகு சோல்ருன், ஆய்வுக்கூடத்தில் பேசுகிற குரலில் பேசினார். "கொட்டகைக்குள்ள போய் உக்காரு. வீட்டுக்குள்ள வராத. நான் கூப்பிட்டுச் சொல்றேன்."

அவர் முதலில் மருத்துவத் தொலைபேசிக்கும், பிறகு ஆய்வுக்கூடத்துக்கும் பேசினார். ஹானுஸுக்கு மறுநாள் காலை சோதனை. அதுவரை, யார் யாரைச் சந்தித்தார் என்று பட்டியல் எழுதி வைக்க வேண்டும். சோல்ருனும் இனி வேலைக்கு வரக்கூடாது. எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுக்கொண்டவர், தொலைபேசியை வைத்த பிறகுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு பத்து.

சமையலறைச் சன்னலைத் திறந்தார். கொட்டகை முற்றத்தின் மறுகோடியில் இருந்தது. காற்றுக்கு மேலே குரல் போக வேண்டியிருந்ததால் இருவரும் கத்தித்தான் பேசினார்கள்.

"மாரியுன் கப்பல்ல இருக்கா!"

பலகை இடைவெளிகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தெரியும். அததான் நானும் நெனச்சிட்டிருக்கேன்."

"இந்த வீட்டுக்கு அவ வரக்கூடாது."

"திரும்பிப் போகச் சொல்லலாமா?"

"டாக்டர் கிட்டக்க இருக்கச் சொல்லியிருக்காரு. அங்க போய் ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா கப்பலும் கெடையாது. ஓட்டல் முழுக்க வெளியூர்லேர்ந்து வந்து தனிச்சிருக்கறவங்க. யாராவது ஒருத்தர் வீடுதான் பாக்கணும்."

"ஹக்னி வீடு இருக்குல்ல?"

"காலைல அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு கத்தினது நீதானே? அவனும் வீட்டோட அடைஞ்சு கெடக்கணும் இப்ப."



சோல்ருன் ஒரு பழைய கடித உறையை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். "சரி, சொல்லு. திங்கக்கிழமைலேர்ந்து யார் யாரப் பாத்த?"

"ஒருத்தரயும் பாக்கல. மீனக் கதவுல மாட்டினேன், அவ்வளவுதான்."

"மாட்டிட்டு வந்துட்ட?"

"மாட்டினேன்."

"ஹானுஸ்."

"மாட்டினேன். அப்புறம், மாட்டியிருக்கேன்னு சொல்ல உள்ள போனேன்."

சோல்ருன் கண்களை மூடித் திறந்தார். "எத்தன வீட்டுல?"

"சொல்லலேன்னா எப்படித் தெரியும் அவங்களுக்கு? பூன தூக்கிட்டுப் போயிடாதா?"

"எத்தன வீட்டுல?"

"எல்லா வீட்டுலயும்."

ஹானுஸைக் குறைசொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. எங்கள் ஊரில் ஒருவர் வீட்டு வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் திரும்பினால், வீட்டார் அதை ஒரு வாரம் நினைத்து வருந்துவார்கள். தாம் செய்த பிழை என்ன என்று ஆராய்வார்கள். அந்த மனவருத்தத்தை யாருக்கும் தரக்கூடாது என்பதே அவருடைய எண்ணமாக இருந்தது.

"திங்கக்கிழம?" என்றார் சோல்ருன், பென்சிலைக் கூர்பார்த்து.

"மலைப்பக்கத்து நாலு வீடு. மாக்னுஸ் வீட்டுல காப்பி. அவன் தங்கச்சி வீட்டுல காப்பியும் புளிப்பு ருபார்ப் கேக்கும். கேக்கு கொஞ்சம் சப்புன்னு இருந்துச்சு."

"சப்புன்னுதான் இருக்கும். செவ்வாய்?"

"பாதிரியார் வீடு. அவரு வேண்டாம் வேண்டாம்னு கையக் காட்டினாரு. மரியாதைக்குச் சொல்றாருன்னு நெனச்சு உள்ள போயிட்டேன்."

"கடவுளே."

"அவரும் அததான் சொன்னாரு."

சோல்ருனுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு எழுதினார். உறையின் பின்பக்கம் நிறைந்து முன்பக்கத்துக்கு வந்தது. மாரியுனைத் தங்கவைக்கலாம் என்று அவர் மனத்தில் எண்ணிய வீடுகள் ஒவ்வொன்றும் அதே பட்டியலில் வந்து விழுந்தன. அவளுடைய ஞானத்தாய் வீடு, செவ்வாய்க்கிழமை, இரண்டு கோப்பை. பள்ளித்தோழி வீடு, புதன்கிழமை, சன்னல் கீல் பழுதுபார்த்தது. பக்கத்து வீட்டிலோ நாள்தோறும். முப்பத்தோராவது பெயரை எழுதியதும் பென்சிலைக் கீழே வைத்தார். மணி நான்கு நாற்பத்தைந்து.

"ஹானுஸ், இந்த ஊர்ல நீ காலெடுத்து வைக்காத வீடுன்னு ஒண்ணு உண்டா?"

கொட்டகையிலிருந்து பதில் வரவில்லை.

"தூங்கிட்டியா?"

"இல்ல."

"அப்ப சொல்லு."

"உண்டுன்னு ஒனக்கே தெரியும்."

இருவரும் ஒரே திசையைப் பார்த்தார்கள். தெருவுக்கு எதிர்ப்புறம், புல்கூரை போட்ட சிறு வீடு. எல்ஸ்பாவின் வீடு.

எல்ஸ்பாவுக்கு அப்போது அறுபது வயது. திருமணம் செய்துகொள்ளாதவர். துறைமுகத்து வலைக்கொட்டிலில் சால்மன் பண்ணை வலைகளைத் தனியாளாகப் பழுதுபார்ப்பவர். ஹானுஸுக்கும் அவருக்கும் பதினோரு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. காரணம் ஒரு பாட்டு. ஓலாவ் திருவிழாவில் ஊரே கைகோத்து வட்டமாக மிதித்து ஆடும்போது ஒருவர் முன்னின்று பல பாடல்கள் கொண்ட நீண்ட கதைப்பாட்டைச் சொல்ல, மற்றவர்கள் வாங்கிப் பாடுவது எங்கள் வழக்கம். அந்த ஆண்டு முன்னின்றவர் ஹானுஸ். நாற்பதாவது பாடலிலிருந்து தவறி அறுபத்து மூன்றாவது பாடலுக்குத் தாவிவிட்டார். நடுவில் இருந்தது போர் முழுவதும். அரசன் கப்பலை விட்டு இறங்கினான், உடனே இறந்தான். எல்ஸ்பா வட்டத்துக்குள்ளிருந்து உரக்கக் கேட்டார்: "ஹானுஸ், அரசன் எதுல செத்தான்? சளியிலயா?" நானூறு பேர் சிரித்தார்கள். ஹானுஸ் வட்டத்தை விட்டு வெளியேறி வீட்டுக்குப் போனவர்தான். அதன்பின் எல்ஸ்பாவின் வாசலை மிதிக்கவில்லை.

"கூடாது" என்றார் கொட்டகைக்குள்ளிருந்து.

"அவ யாரயும் பாக்கறதில்ல. தனியா வேல, தனியா வீடு. இந்த ஊர்லயே சுத்தமான வீடு அதுதான்."

"நீ கேளேன்."

"நான் எதுக்குக் கேக்கணும்? பேசாம இருந்தது நானா? கேக்கு ரொட்டியெல்லாம் நான் குடுத்து வாங்கிட்டுத்தான் இருக்கேன். கேக்க வேண்டியது நீ."

"வேற யாராவது..."

"ஹானுஸ், கப்பல் நாப்பது நிமிஷத்துல வந்துரும். ஒம் பொண்ணு வயித்தத் தூக்கிட்டுத் துறைமுகத்துல நிக்கணுமா?"

கொட்டகைக் கதவு திறந்தது. ஹானுஸ் வெளியே வந்து முற்றத்துக் கற்சுவருக்கு இப்புறம் நின்றார். மழை சற்று விட்டிருந்தது. தெருவின் சன்னல்களில் திரைகள் அசைந்தன. எங்கள் வீட்டுத் திரையும் அசைந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"எல்ஸ்பா!" என்று கூப்பிட்டார்.  தொண்டையைச் செருமிக்கொண்டு மீண்டும், "எல்ஸ்பா!"

எதிர்வீட்டுக் கதவின் மேற்பாதி திறந்தது. எல்ஸ்பா மழைச்சட்டை அணிந்து நின்றார்.

"ஒரு தடவ கூப்பிட்டாப் போதும். எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

"எம் பொண்ணு வர்றா."

"அஞ்சரைக் கப்பல்ல. தெரியும்."

"அவளுக்கு ரத்த அழுத்தம்..."

"தெரியும்."

"எனக்கு மூக்குல..."

"ஹானுஸ், ஒரு மணி நேரமா நீங்க ரெண்டு பேரும் கத்திட்டு இருக்கீங்க. கப்பல்ல இருக்கறவனுக்கே கேட்டிருக்கும். மேல் அறைல படுக்க விரிச்சாச்சு. சன்னலத் தொறந்து வச்சு அறைய ஆறவிட்டிருக்கேன். வண்டிலேர்ந்து வலயெல்லாம் எறக்கிப் போட்டாச்சு. இன்னும் என்ன?"

ஹானுஸ் எதிர்வீட்டு மேல் சன்னலை நிமிர்ந்து பார்த்தார். "நான் கேக்கறதுக்கு முன்னாடியேவா?"

"நீ கேப்பியான்னு பாக்கத்தான் கதவுக்குப் பின்னால நின்னேன்."

சோல்ருன் சன்னலிலிருந்து கேட்டார். "எல்ஸ்பா, தப்பா நெனைக்காத. இந்த வாரம் நீ யாரப் பாத்த?"

"வலயப் பாத்தேன்."

"அந்தப் பாட்டு விஷயத்துல..." என்று ஹானுஸ் தொடங்கினார்.

"அது வேற விஷயம். அதுல தப்பு ஒம் மேலதான். இப்ப நேரமாகுது, நகரு."

நகரச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஹானுஸ் தம்முடைய சுவருக்குள்தான் நின்றிருந்தார். எல்ஸ்பாவின் வண்டி சரிவில் இறங்கித் துறைமுகத்தை நோக்கிப் போனது. ஐந்தே முக்காலுக்கு அது திரும்பி வந்தபோது மாரியுன் முன்னிருக்கையில் இருந்தாள். இறங்கி, வயிற்றில் கைவைத்தபடி தெருவின் நடுவில் நின்று, இருபுறமும் பார்த்தாள். சன்னலில் அம்மா, கொட்டகை வாசலில் அப்பா.

"என்னப்பா இது? வண்டி முழுக்கத் தார் வாடை. எங்கிட்ட வந்து மோந்து பாரு!"

"முடியாதே மாரியுன்" என்றார் ஹானுஸ். அப்போதுதான் எங்கள் தெரு அன்று முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது.

மறுநாள் காலை ஹானுஸின் மாதிரி மீன் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. மாலைக்குள் முடிவு வந்தது, கிருமி உண்டு. உறையில் எழுதப்பட்ட முப்பத்தொரு பேரும் அடுத்த இரண்டு நாட்களில் தங்கள் வண்டிகளில் அமர்ந்தபடியே வாயைத் திறந்து காட்டினார்கள். அவர்களில் ஹக்னிக்கு மட்டுமே தொற்றியிருந்தது. சோல்ருனுக்கு இல்லை. ஹானுஸின் குறட்டை காரணமாக அவர் குளிர்காலம் முழுவதும் மாடியில் தனியே தூங்கியவர். அந்தக் குறட்டையைப் பற்றி முப்பது ஆண்டுகள் சொன்ன கடுஞ்சொற்களையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அவர் சன்னல் வழியே அறிவித்தார். பாதிரியார் தம் முடிவு வந்த அன்று கடவுளுக்கு நன்றி செலுத்தியதோடு, வாசலில் பெரிய எழுத்தில், 'உண்மையாகவே வேண்டாம்' என்று எழுதி ஒட்டினார்.

ஹானுஸ் வீட்டின் கீழ்த்தளத்தில் தச்சுச்சாமான்களுக்கு நடுவே தனிக் கட்டிலில் இருந்தார். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவே. ஐந்தாம் நாள் ஹக்னி தொலைபேசியில் அழைத்தார்.

"மச்சான், ஒரு விஷயம். இப்ப எனக்கும் மணக்கல."

"அப்படியா?"

"ஆமா. நீ சொன்னது சரிதான். குத்தம் பலகையிலதான். எழுந்திரிச்ச ஒடனே நானே கழட்டிடறேன்."

இரண்டு பேரும் இருமல் வரும்வரை சிரித்ததாகச் சோல்ருன் சொன்னார்.

மீன் மட்டும் நிற்கவில்லை. ஹானுஸின் படகை மாக்னுஸின் மருமகன் எடுத்துப்போனார். பைகள் கதவுகளில் மாட்டப்பட்டன. மாட்டியவர் தெருவிலிருந்து ஒரு தடவை சீழ்க்கை அடித்துவிட்டுப் போய்விடுவார். ஹானுஸ் வீட்டுக் கதவிலும் ஒரு பை தொங்கியது. அவித்த மீனும் உருக்கிய ஆட்டுக்கொழுப்பும் உருளைக்கிழங்கும் ஒரு தட்டில் கீழ்த்தளப் படிக்கட்டுக்கு வரும். சுவை தெரியாவிட்டாலும் சூடு தெரிகிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்.

ஏழாம் நாள் மாலை காற்று முற்றிலும் நின்றது. எங்கள் ஊரில் அது அரிது. எல்லாரும் சன்னல்களைத் திறந்துவைத்தோம். எல்ஸ்பா வீட்டு மேல் சன்னலில் மாரியுன் சாய்ந்திருந்தாள்.

"அப்பா, எதாவது பாடேன். வானொலியத் தொறந்தா எண்ணிக்கை மட்டுந்தான் சொல்றான்."

"என்ன பாடறது?"

மாரியுன் விஷமக்காரி. "பெருசா எதாவது."

கீழ்த்தளச் சன்னலிலிருந்து ஹானுஸ் தொடங்கினார். எதைத் தொடங்குகிறார் என்று முதல் அடியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் தவறிய அதே பாட்டு. பத்தாவது பாடலில் மாக்னுஸ் தம் முற்றத்துக்கு வந்து தாளம் மிதித்தார். பிறகு பக்கத்து வீட்டார். பிறகு நாங்கள். அவரவர் முற்றத்தில், அவரவர் சுவருக்குள், கோப்பதற்குக் கை இல்லாமல், இரண்டடி முன்னும் ஓரடி பின்னுமாக மிதித்தோம். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் சிலர் பையில் வைத்துக்கொண்டார்கள்.

நாற்பதாவது பாடல் முடிந்தது. ஹானுஸ் மூச்சு வாங்கினார். எல்ஸ்பா தம் வீட்டுக் கதவின் மேற்பாதியில் முழங்கைகளை ஊன்றி நின்றிருந்தார்.

நாற்பத்தொன்று வந்தது. நாற்பத்திரண்டு வந்தது. இருபத்திரண்டு பாடல்களும் ஒன்றன்பின் ஒன்றாக, வாள், கேடயம், உடைந்த கப்பல் என்று போர் முழுவதும் வந்தது. பதினோரு ஆண்டுகளில் அவர் அதை எத்தனை முறை தனியே சொல்லிப் பார்த்திருப்பார் என்று எங்களுக்கு அப்போது புரிந்தது. ஐம்பத்தாறாவது பாடலில் ஒரே ஓரிடத்தில் எல்ஸ்பா குறுக்கிட்டார்.

"வலது கை இல்ல. எடது கை."

"எடது கை" என்று திருத்திக்கொண்டு ஹானுஸ் மேலே போனார். அரசன் முறைப்படி இறந்தான். எல்ஸ்பா கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினோராம் நாள், ஒரு திங்கட்கிழமை காலை, எல்ஸ்பாவின் வண்டி மாரியுனை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனது. சோல்ருன் அன்று சமையலறையில் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. ஹானுஸ் கீழ்த்தளத்தில், ஏற்கெனவே வழவழப்பாக இருந்த தொட்டிலை மீண்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் பிற்பகல்வரை கேட்டது. இரண்டு மணிக்கு எல்ஸ்பா திரும்பி வந்து, வண்டியை விட்டு இறங்காமலேயே சன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"பொண்ணு! மூணு கிலோ அறுநூறு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. அழுத்தம் எறங்கிடுச்சு."

"நீ பாத்தியா?" என்று சோல்ருன் கேட்டார்.

"உள்ள விடல. மாரியுன் போன்ல காட்டினா. மூக்கு ஒம் பக்கம். பிடிவாதம் இவன் பக்கம்னு நெனைக்கிறேன். கண்ணத் தொறக்க மாட்டேங்குது."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஹானுஸும் சோல்ருனும் விடுவிக்கப்பட்டார்கள். அதற்கு முதல் நாளே மாரியுன் குழந்தையோடு எல்ஸ்பா வீட்டுக்கு வந்திருந்தாள். அடுத்த வாரம்வரை அங்கேயே இருந்துகொள்வதாகவும், அந்த அறையில் நல்ல தூக்கம் வருவதாகவும் சொல்லிவிட்டாள். சுண்ணாம்பு நிறம் அடித்த அறையைப் பற்றி ஹானுஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சோல்ருன் அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அவர்கள் தெருவைக் கடந்தார்கள். ஹானுஸ் திருவிழாவுக்கு அணியும் வெள்ளிப் பொத்தான் வைத்த மேற்சட்டை அணிந்திருந்தார். எல்ஸ்பா கதவின் இரண்டு பாதிகளையும் திறந்து வைத்திருந்தார்.

"வா. காப்பி ஆறுது."

ஹானுஸ் வாசலில் நின்றார். சோல்ருன் உள்ளே போனார். உள்ளே மாரியுன் சன்னலோர நாற்காலியில் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் மூன்று வகைக் கேக்கும், வெண்ணெய் தடவிய ரொட்டியும் பரப்பியிருந்தன. ஹானுஸ் காலணியைக் கழற்றினார். ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு மறு காலையும் வைத்தார்.

"கை கழுவணுமா?"

"கழுவாம? பின்பக்கம் தொட்டி இருக்கு. நல்லாச் சோப்புப் போடு" என்றார் எல்ஸ்பா.

அவர் பின்பக்கம் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எல்ஸ்பா காப்பி ஊற்றினார். சோல்ருன் குழந்தையை வாங்கி, நெற்றியை, காதை, விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கோப்பை காப்பி தீர்ந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்பா! போதும்ப்பா, வா!" என்று மாரியுன் கூப்பிட்டாள்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. உடனே குழாய் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திறக்கப்பட்டது.

எல்ஸ்பா எழுந்து, ஹானுஸுக்கு ஊற்றிய காப்பியை மீண்டும் பானைக்குள் கொட்டி அடுப்பில் வைத்தார்.

"விடு மாரியுன்" என்றார். "கழுவட்டும்."